செவ்வாயைப் பெருக்கிய மலை ராஜா

தோர்கில்ஸுக்கு இரண்டு உத்தியோகம். கோடையில் செவ்வாய்க் கிரகத்தைப் பெருக்குவார். கோடை முடிந்ததும் மலை ராஜா ஆவார்.

மலை ராஜா பட்டம் ஐஸ்லாந்தில், எங்கள் பக்கத்தில், விளையாட்டுச் சமாசாரம் இல்லை. கோடை முழுக்க மேட்டு நிலத்தில் திரியும் ஆடுகளைக் குளிர் வருமுன் குதிரையில் போய் ஊரே இறக்கிக் கொண்டுவரும். அந்தப் படைக்குத் தலைவர்தான் ராஜா. அவர் கைகாட்டினால் நாடாளுமன்ற உறுப்பினரும் சேற்றில் இறங்கியாக வேண்டும். ஆனால் பட்டியில் ஆடுகளைச் சொந்தக்காரர் வாரியாகப் பிரித்து முடிக்கும்போது ஓர் ஆடு மலையில் தங்கிவிட்டது என்றாலும் அடுத்த வருஷம் வேறு ராஜா. யார் அந்த வேறு ராஜா என்பதிலும் ரகசியம் இல்லை. பக்கத்துப் பண்ணை எய்விந்தூர் நெடுநாளாகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

செவ்வாய் வந்தது இப்படி. மேட்டு நிலத்தில் ஒரு பள்ளம்: எரிமலை கக்கிய கருங்கல், காற்று வரிவரியாக மடித்துவைத்த கறுப்பு மணல், எப்போதோ வெள்ளம் அறுத்துப்போன வறண்ட வாய்க்கால். புல் முளைக்காது என்பதால் எங்களுக்கு அது உதவாத நிலம். செவ்வாயின் தரையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் நிலவியலாளர்களுக்கு அது சொர்க்கம். ஆறு சக்கர ஊர்தி ஒன்றை அதில் இறக்கிவிட்டார்கள். அது அனுப்பும் படங்களை மட்டும் பார்த்து, வெளிநாட்டில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் அறிஞர்கள் எது நெருப்புக் குழம்பு ஓடிய தடம், எது தண்ணீர் ஓடிய தடம், எது காற்றின் கைவேலை என்று சொல்லவேண்டும். அவர்களிடம் யாரும் மூச்சுவிடக்கூடாது. நிஜச் செவ்வாயில் விசாரிக்க ஆள் கிடைக்காதல்லவா.

செவ்வாயில் காலடித் தடம் இருந்தால் அசிங்கம். அதற்குத்தான் தோர்கில்ஸ். வைக்கோல் வாரும் அகலமான மரவாரியோடு பின்பக்கமாகவே நடந்து, தன் தடத்தைத் தானே அழித்தபடி வெளியே வருவார். காவலும் அவரே. சுற்றிலும் கயிறு கட்டி அவர் விதியைக் காத்த கண்டிப்பு, விதியைப் போட்டவர்களுக்கே பயமாக இருந்தது. ஒரு கல்யாணத்துக்குத் தாமதமாகி, குறுக்கே போகப் பார்த்த பாதிரியாரைக்கூடத் திருப்பி அனுப்பினார்.

“உனக்கு ஞானஸ்நானம் குடுத்ததே எங்கப்பாடா,” என்றார் பாதிரியார்.

“தெரியும். அது பூமியில நடந்தது.”

போன வருஷம் மூடுபனியால் ஊர்திச் சோதனை தள்ளித் தள்ளிப் போய், ஆடு இறக்கும் நாளில் வந்து நின்றது. பட்டியில் ஆடுகளைப் பிரித்து முடித்தபோது ஒன்று குறைந்தது. அதுவும் ராஜாவின் சொந்த ஆடு, ஃப்ளெக்கா. முன்னோடி ஆடு என்று எங்களிடம் ஒரு வம்சம் உண்டு. மந்தைக்கு வழிகாட்டும், புயலை முன்னாலேயே மோப்பம் பிடிக்கும், மனிதரை மட்டும் மதிக்காது. ஃப்ளெக்கா அந்த வம்சம்.

எய்விந்தூர் பரிவோடு மூக்குப்பொடியை நீட்டினார். “வழிகாட்டுற ஆட்டுக்கே வழி தெரியலையாம். போடு ஒரு சிட்டிகை. சூப் குடிச்சுப் பாட்டு ஆரம்பிக்கிறவரை நேரம் இருக்கு.”

பாட்டுத் தொடங்கினால் அந்த வருஷக் கணக்கு மூடியது என்று அர்த்தம். தோர்கில்ஸ் குதிரையேறினார், துணைக்கு நானும் போனேன். ஃப்ளெக்கா செவ்வாயின் நட்டநடுவில், ஒரு மணல் மேட்டில் நின்றது. சற்றுத் தள்ளி ஊர்தி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தோர்கில்ஸ் கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சினார், அதன் தாயைப் பற்றித் தகாத வார்த்தை சொன்னார். அது அசைபோட்டது. தான் கட்டிய கயிற்றுக்கு வெளியே அவர் பாதிரியாரைப் போலவே நின்றார்.

சோதனையைக் கவனிக்கும் ஸ்டெய்ன்வோருக்குப் போன் போட்டு, கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமே என்றேன்.

“நிறுத்தினா அவ கோடை முழுக்கப் பண்ணின வேலை போச்சு,” என்றார். “ஆட்டைக் கொண்டுபோகலேன்னா என் ராஜாங்கம் போச்சு. நீ குதிரையைப் பிடி.”

மரவாரியை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். ஊர்தியின் கழுத்து முனகும்போதெல்லாம் குந்தி உட்கார்ந்து கல்லானார். முனகல் நின்றதும் நகர்ந்தார். திரும்பும்போதுதான் வேடிக்கை. ஒரு கையில் ஆட்டின் கொம்பு, மறு கையில் வாரி. ஆடு உள்ளே போன வழியாகவே, இருவர் தடத்தையும் அழித்தபடி பின்பக்கமாக வந்தார். அவர் கல்லானபோதெல்லாம் ஃப்ளெக்காவும் கல்லானது. மனிதர் சொல்லி அது கேட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பட்டியில் பாட வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நிற்க, ஃப்ளெக்கா உள்ளே நுழைந்தது. எய்விந்தூர் அன்று அருமையாகப் பாடினார். துக்கம் அவர் குரலுக்கு ஒத்துவருகிறது.

சோதனை முடிந்ததும் ஸ்டெய்ன்வோர் தோர்கில்ஸ் வீட்டுக்கு வந்து காபி குடிக்க உட்கார்ந்தாள். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மணல் மேட்டில் இரண்டு கற்கள். அடுத்த படத்தில் அதே கற்கள், இடம்மாறி. உறைபனி இளகிச் சரிந்தவை என்று வெளிநாட்டு அறையில் ஒரு கட்சி. வெறும் நிழல் கோளாறு என்று இன்னொரு கட்சி. பெரிய கல்லின் மேல்பாகத்தில் வெள்ளை வளையங்கள் தெரிவதால், அது ஏரியடியில் படிந்த அடுக்குப்பாறை, ஆக இங்கே முன்பு ஏரி இருந்திருக்கிறது என்று மூன்றாவது கட்சி.

“தடம் ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டார் தோர்கில்ஸ். அவருக்கு அதுதான் கவலை.

“ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் அவ்வளவு சண்டை.” அவள் படத்தைப் பெரிதாக்கினாள். “இந்த வெள்ளை வளையம் போட்ட உன் கம்பளிச் சட்டையைப் பின்னினது எங்க அத்தை. பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு.”

“அவங்ககிட்ட என்ன சொன்னே?”

“இடத்தைப் பத்தி நான் வாயே திறக்கக்கூடாதே. அதுதானே விதி.” காபியைக் குடித்து முடித்தாள். “அடுத்த கோடைக்கும் நீதான் வரணும். ஆனா சாம்பல் நிறத்துல சட்டை போட்டுக்கோ.”

தோர்கில்ஸ் யோசித்தார். “சரி. ஃப்ளெக்காவுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் வேண்டாம். அது எரிமலைக் கல்லுதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”