இரண்டு முறை அளந்த என் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். காரியத்துக்கு வந்தவர்களில் சிலர் எங்கள் அம்மாவிடம், "கூடவே கீறியே, அவளுக்கு ஒடம்பு முடியலன்னு உனக்கே தெரியலையா?" என்று கேட்டீர்கள். ஆற்றாமையில் கேட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஓராண்டாக அம்மா அந்தக் கேள்வியோடுதான் சாப்பிட உட்கார்கிறார், அதோடுதான் படுக்கிறார். அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தண்டையார்பேட்டையில், ஒற்றை அறை வாடகை வீட்டில். நைனா டேங்கர் லாரி ஓட்டினார். அம்மா கிடங்கில் பருப்புச் சலித்தார். மாநகராட்சிப் பள்ளியில் படித்த அக்கா கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, அந்தப் படிப்பு எதற்கு என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் ஆண்டில் நைனா தவறிப்போனார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றார் அக்கா. "உங்க நைனா போனது போதாதா, படிப்பும் போவணுமா? நட காலேஜுக்கு" என்று அம்மா அவருடைய பையைத் தூக்கி வாசலில் வைத்தார். வகுப்பில் எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். அக்கா பேச்சை மாற்றிக்கொள்ளவும் இல்லை, வீட்டில் வந்து அழவும் இல்லை.

மணலிப் பக்கம் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கடைசிவரை அங்கேதான் இருந்தார். என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, "எண்ணெய் எவ்ளோ கெட்டியா கீது, எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு பாக்கணும்மா" என்றார்.

"அத்த நான் தாளிக்க சொல்லோ பாக்குறேனே. அதுக்கா நாலு வருசம் படிச்ச?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அது அவசரக்காரர்கள் செய்யும் வேலையில்லை. எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சூடு மாறாத நீர்த்தொட்டியில் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எண்ணெய் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதன்பின் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அறிக்கையில் எழுதுவார்கள்.

ஒருமுறை துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, ஒரு அளவே போதும், கையெழுத்துப் போடுங்கள் என்று மேலதிகாரி நெருக்கியிருக்கிறார். "நிக்கட்டும் சார். ரெண்டாவது தபா ஊத்துன எண்ணெய் இன்னும் சூடே ஏறல" என்றாராம் அக்கா. இரண்டாவது அளவு ஒத்துவரவில்லை. குழாயைக் கழுவிக் காயவைத்து மறுபடி பார்த்ததில் முதல் அளவுதான் தவறு என்று தெரிந்தது. எஞ்சினுக்கு ஆகாத எண்ணெய் கப்பலேறாமல் நின்றது. அவரோடு வேலை பார்த்தவர்கள் சாவு வீட்டில் சொல்லித்தான் எங்களுக்கே இது தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான். காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால் இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்காக நான் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து படியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மார்ல ஒரு மாரி அழுத்துதுடா. தாடை வேற வலிக்குது."

"வாக்கா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

"ஒரு தபா வந்தா அது ரீடிங்கே இல்லடா. இன்னொரு தபா வந்தா பாக்கலாம். அம்மாகிட்ட சொல்லாத, பேஜாராய்டும்."

"வலிக்குக்கூட உனக்கு ரெண்டு ரீடிங் வேணுமா?" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். மதியம் வலி நின்றுவிட்டது என்றார். நானும் மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை, ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அக்கா சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இதற்கு முன்பு வலி வந்ததா என்று கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர்" என்றார். ஆய்வகத்தில் பார்த்த அளவை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. எனக்காக அன்று மறைத்தார். நான் டாக்டரின் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே வந்திருக்கலாமே" என்றார் அவர். இரண்டு நாள் கழித்து அக்கா எங்களை விட்டுப் போனார்.

கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்ற சாலையில் சந்து சந்தாக நுழைந்து அக்காவைக் கொண்டு சேர்த்த பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கும், இரண்டு நாளும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆய்வகத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அச்சுக்குக் கொடுக்குமுன் இதை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வருடமாக, "அவ மூஞ்சப் பாத்தாவது நான் கண்டுபுடிச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு சன்னல்லேந்து பாத்தேன்டா" என்றார். "ரெண்டும் சிரிச்சிகினு கீதுங்கன்னு உள்ள போய்ட்டேன்."



இன்று அம்மா உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருப்பார். தெரியலையா என்று அவரை இனி யாரும் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும். என்னைக் கேளுங்கள்.