கடைசி ரோப் கார் நாளில்

காலை 9.40 பஸ்ஸைப் பிடித்தோம். ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியில் நாங்கள் தங்கியிருந்த சிற்றூரிலிருந்து அந்த மலைக் கிராமம் இருபத்தெட்டு கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் ஆலை, புது இயந்திரத்தைப் பழகிவர எங்கள் இருவரையும் மூன்று வாரத்துக்கு அனுப்பியிருந்தது. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, எட்டு ஆண்டுகளாக ஆலைக்கு அருகே வாடகை அறையில் இருப்பவள். உடன் வந்த தேவகி அக்கா வடக்குப்பட்டுக்காரர்; நான்கு ஆண்டுகளாக லைனில் என் பக்கத்தில் நிற்பவர்.

அது அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்றோடு ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், இனிப் பனிச்சறுக்கு தொடங்கும்போதுதான் ஓடும் என்று விடுதிக்கார அம்மா சொன்னதால் கிளம்பியிருந்தோம்.

கிராமத்தில் பாதி விடுதிகள் பூட்டிக் கிடந்தன. வாசல் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். சாலையோரம் இரண்டு பேர் ஆளுயரக் கம்புகளை நட்டுக்கொண்டே போனார்கள். பனி மூடிய பிறகு சாலையின் விளிம்பு தெரிவதற்காம்.

"ஆளே இல்லியே இசக்கி. லீவு வுட்ட கம்பெனி மாதிரி கீது," என்றார் அக்கா.

ரோப் கார் கட்டணம் போகவர இருபத்து நான்கு யூரோ. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்த பணியாளர் நான்கு விரல்களை விரித்துக் காட்டினார். நான்கு மணிக்குக் கடைசி வண்டி.

பகல் 12.30-க்கு நடக்கத் தொடங்கினோம். பாதையின் இருபுறமும் லார்ச் மரங்கள். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிருக்கு முன் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த ஊசிகள் பாதையில் மெத்தென்று கிடந்ததால் எங்கள் காலடியே எங்களுக்குக் கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகைகள் பூட்டியிருந்தன. எதிர்ச் சிகரங்கள் ஏற்கெனவே வெளுத்திருந்தன. மேற்கே மேகம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது.

1.25 மணி. பாதைக்குக் கீழே பத்தடிப் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு மனிதர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். பாறையில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் திரும்பியிருந்தது. பேர் கேட்டதற்கு "யோசெஃப்" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. கண்கள் மூடி மூடித் திறந்தன. எங்கள் இருவர் போனிலும் சிக்னல் இல்லை.

ஆலையில் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: அடிபட்டவரைத் தூக்காதே, இழுக்காதே, போர்த்திவிடு, தூங்க விடாதே.

"ரெண்டு பேருமே போயி ஆளக் கூட்டிட்டு வந்துருவோம்க்கா. பனி கொட்டப் போவுது. தனியா எப்படி இருப்பீய?" என்றேன்.

அக்கா அதற்குள் தன் சால்வையை அவர்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீ போ. எங்க வூட்டுக்காரரு மாத்தூராண்ட லாரி இடிச்சு அரை மணி நேரம் ரோட்டுல கெடந்தாரு. பஸ்ஸு, காரு எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போச்சாம். ஒருத்தரும் எறங்கல. இவரைத் தனியா வுட்டுட்டு நான் வரமாட்டேன்."

அவர் கணவர் விபத்தில் போனவர் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். என் ஸ்வெட்டரையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மூன்று கிலோமீட்டர். பாதி வழியில் பனி விழத் தொடங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன், நின்று பார்க்க முடியவில்லை. இருமுறை வழுக்கி விழுந்தேன். 2.15-க்கு நிலையத்தை அடைந்தபோது எனக்கு ஆங்கிலம் சுத்தமாக மறந்துவிட்டது. "மேன். லெக்," என்று கையைக் காட்டினேன். பணியாளர் உடனே போனை எடுத்தார். மேகத்தால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. கீழிருந்து நான்கு பேர் ஸ்ட்ரெச்சருடன் ரோப் காரில் ஏறி வந்தார்கள்.

3.20-க்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் தலையிலும் தோளிலும் பனி படிந்திருந்தது. என் ஸ்வெட்டரும் அக்காவுடையதும் கிழவர்மேல் கிடந்தன. கிழவருடைய கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தபடி, கட்டிப்போன குரலில் அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கிழவர் கண் திறந்திருந்தது. அவரைத் தூக்கிய பிறகும் அக்காவால் எழ முடியவில்லை. கால்களைத் தேய்த்துவிட்டு, தோளில் சாய்த்து நடத்தி வந்தேன். எங்களுக்காகக் கடைசி வண்டி நான்கு மணிக்குப் பிறகும் காத்திருந்தது.

ஊர் திரும்பும் சனிக்கிழமை, ரயிலுக்கு முன் இன்ஸ்ப்ரூக் மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி நடப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர் மகள், ஆங்கிலத்தில். கிழவர் அக்காவையே பார்த்தார். பிறகு மகளிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

"அப்பாவுக்கு முகம் நினைவில்லை, குரல்தான் நினைவிருக்கிறதாம். அவ்வளவு நேரம் இவர் என்ன சொன்னார் என்று கேட்கிறார்."

நான் தமிழில் சொன்னதும் அக்கா கூச்சத்தோடு முந்தானையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு அவுரு பாஷையா தெரியும்? பேச்சு நின்னா தூங்கிடப் போறாருன்னு கம்பெனி பஸ்ஸு நிக்கற ஸ்டாப்பு பேரெல்லாம் சொல்லிகினே இருந்தேன். முடிஞ்சா திரும்பியும் மொதல்லேர்ந்து."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, மகள் அப்பாவிடம் சொன்னார். இன்னொருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டார் கிழவர்.

அக்கா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வடக்குப்பட்டு. சேரப்பணஞ்சேரி. ஒரகடம் கூட்ரோடு."

அங்கே நின்றுவிட்டார். நான் சன்னலைப் பார்த்தேன். மலை முழுக்க வெளுத்திருந்தது.

கிழவர் கண்களை மூடிச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, "மாட்டூர்," என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. மாத்தூர்," என்றார். அப்புறம் வல்லம், ஸ்ரீபெரும்புதூர் என்று இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.