எங்கள் ஆறு கிந்தா

மலாயாவில், பேராக் மாநிலத்து ஈப்போவில், கிந்தா ஆற்றை ஒட்டிய தெருவில் என் அண்ணன் மாட்டிய பெயர்ப்பலகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் அவரே எழுதிய இந்தி எழுத்துகள். மேலே ஒரு நீளக் கோடு. அதிலிருந்து எழுத்துகள் வரிசையாகத் தொங்கும். எதிரே கோப்பிக் கடை வைத்திருந்த சீனர் சில நாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, கொடியில் துணி காயப்போட்ட படம் என்று முடிவு செய்து, ஒரு மூட்டை அழுக்குத் துணியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். "இது டோபிக் கடைதானே?" என்று மலாயில் கேட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. இது பள்ளிக்கூடம், இந்தியாவின் பொது மொழியைச் சொல்லித்தருகிற இடம் என்று நின்று விளக்கினார். சீனர் முழுவதும் கேட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான அண்ணன், சென்னையில் படித்த நாளில் விளையாட்டாக ஓர் இந்தி வகுப்பில் போய்ச் சேர்ந்தவர். பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு மொழி வாய்த்துவிட்டால் தேசம் ஒன்றாகிவிடும் என்று மனதார நம்பினார். பிழைப்புக்காகக் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக வந்து அலுவலகக் கணக்கு எழுதிய காலத்திலும், வடநாட்டுப் பத்திரிகைகளுக்கு இந்தியில் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட ஈப்போவின் வடநாட்டுத் துணி வியாபாரிகள், அங்கே மாடு வளர்த்துப் பால் விற்ற தங்கள் பக்கத்து மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்து, அவரையே ஆசிரியராக அழைத்துக்கொண்டார்கள். தமிழ் நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம பிள்ளைங்களுக்கே தமிழ் சொல்லித்தர ஆளில்லே, இவரு வடக்கத்தியானுக்கு இந்தி சொல்லித்தரப் போறாரு லா" என்று எங்கள் காதில் விழும்படியே பேசினார்கள்.

அண்ணன் மனைவியை இழந்தவர். நான் கணவனை இழந்து, புகுந்த வீட்டில் அடுப்படியோடு கிடந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி அவர்தான் என்னை அங்கிருந்து மீட்டுக் கப்பலேற்றினார். ஈப்போவில் நான் வண்ணப் புடவை உடுத்தினேன். தனியாகச் சந்தைக்குப் போய் மலாயிலும் கை ஜாடையிலும் பேரம் பேசினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காகவே அவருக்கு எத்தனை வேளை வேண்டுமானாலும் சமைத்துப் போடலாம் என்று தோன்றும்.

பள்ளி தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அண்ணனுடைய இந்தி புத்தகத்திலிருந்து வந்தது; பிள்ளைகளுடையது மாட்டுக்கொட்டகையிலிருந்து. அவர் பேசினால் அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் பேசினால் அவருக்குப் பாதி புரியவில்லை. போதாததற்கு அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. நாற்காலி பெண், வீடு ஆண் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார். மாலையில் ஆற்றங்கரைக் கொட்டகைகளுக்குப் போய், பால் கறக்கிற பெண்களிடம் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்டு வருவார். சாணமும் வைக்கோலும் மணக்கத் திரும்பி வந்து, அன்று கற்ற சொற்களை எனக்குச் சொல்லிக் காட்டுவார். கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டு வந்தார்.

இந்தியாவிலிருந்து வந்த பாடப்புத்தகத்தின் முதல் பாடம் 'எங்கள் நாடு'. பனிமலையும் கங்கையும் அதில் இருந்தன. பனிமலை எங்கே இருக்கிறது என்று அண்ணன் கேட்டபோது, ஒரு பால்காரர் மகள் ஜன்னல் வழியாக ஊருக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலையைக் காட்டினாள். காலையில் அதன் தலையில் வெள்ளையாக மூட்டம் படிந்திருக்கும். அவள் சொன்னது சரிதானே என்று மற்றப் பிள்ளைகளும் நினைத்தார்கள். மறுநாள் தானே ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார்.

அதில் கிந்தா ஆறு இருந்தது. ஆற்றில் தட்டை வைத்து ஈயம் அலசும் சீனப் பெண்கள் இருந்தார்கள். ரப்பரை நம்மவர்கள் பால்மரம் என்பார்கள் அல்லவா? அதைக் கேட்ட ஒரு சிறுவன், 'எங்கள் ஊரில் எருமையும் பால் தரும், மரமும் பால் தரும்' என்று சொன்னான். அந்த வரியை அப்படியே சேர்த்துக்கொண்டார். என் எழுத்து அவருடையதைவிடத் தெளிவு என்பதால் நான் பிரதி எடுத்தேன். படிக்கத் தெரியாது, பார்த்து வரைவேன். வரிக்கு வரி பொருள் கேட்பேன். முதல் பாடம் இப்படித் தொடங்கியது: 'கிந்தா எங்கள் ஆறு. பேராக் எங்கள் நாடு.'

இந்தியாவில் இந்தி பரப்பும் சங்கம் ஒன்றின் பெரியவர் பினாங்கு வழியாகச் சுற்றுப்பயணம் வந்தார். நூலை அவர்கள் அங்கே அச்சிட்டுத் தருவதாக ஏற்பாடு. கதர் உடுத்திய, மெல்லிய குரலில் பேசும் மனிதர். நான் வைத்த இட்லியை விரும்பிச் சாப்பிட்டார். நூல் முழுவதையும் படித்துவிட்டு, இதைப் போல ஒன்றைக் கடல் கடந்த எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று பாராட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். 'எங்கள் நாடு' என்பதை 'நாங்கள் தங்கியிருக்கும் இடம்' என்று மாற்ற வேண்டும். நாடு என்றால் இந்தியாதான். பிள்ளைகள் அதை மறக்கவா மொழி கற்கிறார்கள் என்று கேட்டார். துணி வியாபாரிகளும் அதுவே நியாயம் என்றார்கள். மாற்றாவிட்டால் நூல் இல்லை, பள்ளியும் சந்தேகம்தான்.

பெரியவர் சொன்னது அண்ணன் அதுவரை மேடைகளில் சொல்லிவந்ததுதான். மறுநாள் கொட்டகைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் தகப்பன்மார்களிடம் கேட்டார். எல்லோரும் ஊருக்குத் திரும்பத்தான் போகிறோம் என்றார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி மட்டும், மாட்டடியில் உட்கார்ந்து கறந்துகொண்டே, "போறோம் போறோம்னு சொல்லிக்கிட்டே இவர் மூணாவது கொட்டகை கட்டிட்டாரு" என்றாளாம். அதை அண்ணன் என்னிடம் வந்து சொன்னார். பிறகு கேட்டார்:

"நாமளும் அடுத்த வருஷம் போயிடலாம்னுதானே சொல்லிக்கிட்டிருக்கோம், தங்கச்சி?"

"நீங்க போறதுன்னா போங்க அண்ணே. நான் வரலே."

சொன்ன பிறகுதான் அது என் மனதில் எவ்வளவு நாளாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன காரணம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் புடவையைத்தான் காட்டியிருப்பேன்.

காலையில் பெரியவர் ரயிலேறுமுன் அண்ணன் போய், வரியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். நூலைத் திரும்ப வாங்கி வந்தார். மாத முடிவில் பள்ளி மூடப்பட்டது. பலகையை அவரே கழற்றினார். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. முன்பு ஏசிய நண்பர்கள் இப்போது மெச்சினார்கள். வார நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, விடுமுறையில் சைக்கிளில் ஈப்போ போய், அதே பால்காரர் பிள்ளைகளுக்குக் கொட்டகையில் வைத்து இந்தி சொல்லிக்கொடுத்தார். அச்சுப் புத்தகம் இல்லாததால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் ஒரு பிரதி எழுதினேன். அப்படி எழுதி எழுதி ஒருநாள் எழுத்துகள் தாமாகப் பேசத் தொடங்கின. நான் அடுப்பங்கரையில் உரக்கப் படித்ததைக் கேட்டு அண்ணன் வந்து நின்றார். 'ஆறு' என்பதை நான் ஆணாக்கிவிட்டதாகத் திருத்திவிட்டுப் போனார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெரியவரே அழைப்பு அனுப்பினார், காசியில் நடந்த இந்தி ஆசிரியர் கூட்டத்துக்கு. மனதில் வருத்தம் வைத்துக்கொள்ளாத மனிதர். அண்ணன் வாழ்நாளெல்லாம் பார்க்க ஏங்கிய கங்கை அங்கேதான் இருந்தது. போனவர் வரமாட்டாரோ என்று எனக்குப் பயம். இப்போது எனக்கு எழுபது வயதாகிறது. அந்தத் தெருவில் சைக்கிள் கடையும் தையல் கடையும் இருக்கின்றன. கொட்டகைகள் நின்ற இடத்தில் வீடுகள். மலாயாவே தனி நாடாகிவிட்டது. அந்த ஒரு வரிக்காக ஒரு மனிதர் வேலையை விட்டார் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த வரியில் என்ன தப்பு என்று கேட்பார்கள். ஆனால் அன்று அவர் காசியிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடியே எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை.

காசியில் பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் அவர் பேச்சைக் கேட்டுக் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு, நீ எங்கள் பக்கத்துப் பால்காரப் பிள்ளைபோல் பேசுகிறாயே, உனக்கு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்.

"தஞ்சாவூர்னுதான் சொல்ல வாயெடுத்தேன், தங்கச்சி," என்றார் அண்ணன். "ஈப்போன்னு வந்துடுச்சு."