கச்சான் காற்றும் நான் ஆட்டிய தலையும்

பத்தாவதோடு நின்றவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஒரு பேராசிரியர் மீனவர் வழக்கங்களை ஆராய எங்கள் பட்டினச்சேரிக்கு வந்தார். "மேற்கேருந்து கச்சான் காத்து அடிச்சா யாரும் கடலுக்குப் போக மாட்டீங்கதானே?" என்று என்னைக் கேட்டார். போவோம் என்பதுதான் உண்மை. ஆனால் அப்போதுதான் கரையேறியிருந்தேன். அசதி; படித்தவரை மறுத்துப் பேசக் கூச்சம் வேறு. தலையாட்டிவிட்டேன்.

மறுவருடம் காரைக்காலில் அவர் தம் புத்தகத்தைப் பொதுமக்களுக்கு விளக்கிப் பேசினார். அந்தத் தவறு அச்சாகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் அவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே?"

"நீங்களே பதிலையும் சொல்லிட்டீங்க சார்."

கூட வந்த மச்சான், "எங்கக்காவைக் கட்டுனதும் இப்படித் தலையாட்டித்தான் சார்" என்றார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அடுத்த பதிப்புல திருத்திடலாம். வித்துப் போனதை என்ன செய்யிறது?" என்றார்.

மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் கடலுக்குப் போனேன், மீன் அதிகமில்லை.