கட்டில் மாறிய வெள்ளிக்கிழமை

போன வாரம் வரைக்கும் எங்கள் அலமாரியின் அடித்தட்டில், பாஸ்போர்ட் உறைக்கும் பழைய போன் சார்ஜருக்கும் நடுவே, ஒரு முட்டிப் பட்டை கிடந்தது. தோல் நிறம். இழுவை போய் ரொம்ப நாளாயிற்று. இப்போது மாட்டினால் நேராகக் கணுக்காலில் வந்து உட்காரும். வீடு மாறும்போதெல்லாம் மனைவி அதைக் குப்பையில் போடுவாள், நான் எடுத்து வைப்பேன். "இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்பாள். அந்த நாளில் நான் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்த ஒரு வலி அதில் இருந்தது. அந்த வலியிலிருந்து என்னைக் கைதூக்கி விட்டவர் எங்கள் அண்ணாச்சி என்று அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். துபாயில் எந்தத் திசையில் பார்த்தாலும் கிரேன் நின்ற அந்த நாட்களில், சோனாப்பூரில் நாங்கள் தங்கியிருந்த கம்பெனித் தொழிலாளர் கேம்ப்பின் கேம்ப் பாஸ் அவர்தான். யாருக்கு எந்த ரூம், எந்தக் கட்டில், தண்ணீர் நின்றுபோனால் யாரைத் திட்டுவது, எல்லாம் அவர் கையில். மனிதருக்கு வாலிபால் பைத்தியம். அவர் பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், பிறந்ததிலிருந்து ஆடியவர் மாதிரி எங்களை விரட்டுவார். கேம்ப்புகளுக்கு இடையே நடக்கும் அந்த ஆட்டங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எந்தக் கேம்ப்பில் படுக்கிறாயோ அந்தக் கேம்ப்புக்குத்தான் ஆட வேண்டும். பக்கத்துக் கேம்ப்பில் சொந்தத் தம்பி இருந்தாலும் அவனுக்கு எதிராகத்தான் நிற்க வேண்டும்.

எங்கள் அணியில் நெட்டோரம் எழும்பி அடிக்கிற ஆள் நான். ஆட்டம் முடிந்தால் முன்பின் தெரியாதவர்கள் வந்து தோளில் தட்டுவார்கள், மெஸ்ஸில் என் தட்டில் கூடுதலாக ஒரு மீன் துண்டு விழும். சும்மா சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டாவது காண்ட்ராக்டில் வலது முட்டி மக்கர் செய்யத் தொடங்கியது. சரளைத் தரையில் குதித்துக் குதித்து வந்த வினை. கொளுத்தும் வெயிலிலும் முழுநீளக் கால்சட்டை போட்டு ஆடினேன், உள்ளே பட்டை தெரியக் கூடாது என்பதற்காக. என் வேலையோ கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது. முட்டி போய்விட்டது என்று சைட்டில் தெரிந்தால் மேலே ஏற்ற மாட்டார்கள். மேலே ஏறாத சாரக்காரனுக்கு விசா எதற்கு? கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே என் வீட்டுச் சுவர் இடுப்பளவு உயர்ந்து, கூரைக்குக் காத்திருந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டால் முட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் நட்சத்திர ஆட்டக்காரன் திடீரென்று நின்றால் ஏன் என்று கேம்ப்பே கேட்கும். அதனால் ஆடினேன். ஆட ஆட முட்டி மோசமானது. சனிக்கிழமை காலையில் ஏணியின் முதல் படியில் கால் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். கீழே நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அந்த வருடம் அரையிறுதியில் தோற்றோம். அடுத்த வெள்ளிக்கிழமை டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி எங்கள் நடுவில் வந்து நின்றார். "இந்தா பாருங்கடே, உங்களுக்கெல்லாம் வயசாயிட்டு. மூணு பேர அஜ்மான் கேம்ப்புக்கு அனுப்புதேன். அங்கேருந்து மூணு சின்னப் பயலுவ வாரானுவ. இந்தத் தடவ தோத்தாலும் சரி, அடுத்த தடவ பாரு." ஆளைக் கொடுத்து ஆளை வாங்குவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, கட்டிலை மாற்றுவது. இரண்டு கேம்ப்பும் ஒரே கம்பெனியுடையவை என்பதால் ஆபீஸில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அஜ்மான் இளைஞர்களுக்கும் சந்தோஷம்தான் என்று பின்னால் தெரிந்தது. உயரத்தில் வேலை பார்த்தால் ஓவர்டைம் கிடைக்கும். மூவரில் நான் ஒருவன். எனக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் மன்னார்குடிக்காரர் இன்னொருவர். "மாட்டுச் சந்தையில மாத்துற மாதிரி மாத்திட்டாரு மாப்ள. பல்லப் புடிச்சுப் பாக்காததுதான் பாக்கி" என்று சிரித்தார். மூன்றாமவர் பஞ்சாப்காரர். "அச்சா" என்ற ஒரே சொல்லோடு மெத்தையைச் சுருட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "நான் என்ன கொற வச்சேன் அண்ணாச்சி?"

"கொறன்னு நான் சொன்னேனா? நீ குதிக்கது கொறஞ்சு போச்சுடே. நெட்டுக்கு மேல கை வரமாட்டேங்கு. கலாஸ், முடிஞ்சு போச்சு. வண்டி நிக்கி, போய் ஏறு."

குதிப்பது குறைந்ததைப் பார்த்தவர், காரணத்தையும் பார்த்திருப்பாரோ? அவசரமாக வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

கட்டில் மாறினால் பஸ் மாறும், பஸ் மாறினால் சைட் மாறும் என்பது மறுநாள்தான் உறைத்தது. அஜ்மான் பஸ் கட்டடங்களுக்குப் போகவில்லை. சைட்டுகளிலிருந்து திரும்பி வரும் சாரக் குழாய்களையும் கிளாம்புகளையும் தரம் பிரிக்கும் யார்டுக்குப் போனது. இறங்கியதும் பழக்கத்தில் ஏணியைத் தேடினேன். ஏணியே இல்லை. வேலை முழுக்கத் தரையில். குழாய் அடுக்குக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். வலியால் அல்ல. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை இன்னொரு நிம்மதியும் சேர்ந்தது. அந்தக் கேம்ப்பில் அடிப்பதற்கு ஏற்கனவே ஒரு நெட்டையர் இருந்தார். "நீங்க பின்னாடி நின்னு, வர்ற அடிய எடுத்துக் குடுங்க போதும்" என்றார்கள். பின்னால் நிற்பவன் குதிக்க வேண்டியதில்லை.

அடுத்த வருடம் பழைய கேம்ப்போடு மோதினோம். எனக்குப் பதிலாகப் போன கரூர் இளைஞன் எழும்பி அடித்த ஒரு பந்து என் கையில் பட்டு எங்கோ தெறித்தது. அண்ணாச்சி நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். தோற்றோம். நானும் கை தட்டினேன், மனசாரத்தான். ஆட்டம் முடிந்து அந்த இளைஞன் வந்தான். "அண்ணே, உங்க கட்டில்தான் எனக்கு. ஜன்னலோரம், காத்து நல்லா வருது."

"தலமாட்டுல ஒரு ஆணி இருக்கும், சட்டையக் கிழிச்சிரும். பாத்துக்க" என்றேன். அந்தக் கட்டிலைப் பற்றி எனக்கு இருந்த குறை அவ்வளவுதான்.

முட்டி மெல்ல ஆறியது. அதே யார்டில் பொறுப்பாளர் ஆனேன், வீட்டுக்குக் கூரை ஏறியது, மனைவியை அழைத்துவந்து அஜ்மானிலேயே குடித்தனம் வைத்தேன். இதற்கெல்லாம் அண்ணாச்சிதான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். முட்டியைக் கவனித்திருக்கிறார், வெளியே சொன்னால் வேலை போகும் என்று ஆட்டத்தின் பேரைச் சொல்லி என்னைத் தரையிறக்கியிருக்கிறார் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அண்ணாச்சி பெரிய மகானாகிக்கொண்டே போனார். நன்றி ஒரு பாரம் மாதிரி மனதில் கிடந்தது.

போன வாரம் ஊரிலிருந்து அவரே போனில் கூப்பிட்டார். அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. நலம் விசாரித்து முடித்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணாச்சி, என் முட்டி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எந்த முட்டி?"

சொன்னேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "ஏலே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஆட்டத்துல சரியில்ல, தள்ளிவிட்டேன். முட்டின்னு தெரிஞ்சா உன்ன எப்படிலே அனுப்புவேன்? நல்ல சாமான்னு சத்தியம் பண்ணில்லா அஜ்மான்காரன் தலையில கட்டினேன்! நல்ல வேள, நீ வாயத் தொறக்கல."

நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. ஒருவரும் எனக்காக மகானாகவில்லை. ஒரு மனிதர் தன் அணி ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார், நான் பிழைத்துக்கொண்டேன்.

மனைவி கேட்காமலே அந்தப் பட்டையை எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். தெருமுனைப் பெட்டியில் பையைப் போட்டுவிட்டுக் கைவீசி நடந்து வந்தேன். லிஃப்ட் கீழேயே கதவைத் திறந்தபடி நின்றது. நான் படியில் ஏறினேன்.