மூன்று மார்க்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இரவில்கூட இல்லை. பட்டப்பகலில் நடந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாமே அந்த உள்விளையாட்டரங்கில்தான். கூடைப்பந்துப் போட்டி, செமஸ்டர் பரீட்சை, கடைசியில் பட்டமளிப்பு விழா. ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் மதியமும் கும்மிருட்டு.

அன்று விழாவுக்கு முந்தைய நாள். மரத்தரைமேல் பச்சை விரிப்பு விரித்து, இரண்டாயிரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தங்கப் பதக்கம் என் அறைத்தோழிக்கு. தடிமனான கண்ணாடி போடுவதால் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர், நான் வைத்ததுதான். என் நோட்டை வாங்கிப் படித்தவள், என்னைவிட மூன்றே மார்க் அதிகம் எடுத்துவிட்டாள். காலையில் கருப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்படிடி இருக்கு?"

"உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வயிறு எரிந்தது.

மதியம் 2.40. ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் திரும்பி வந்தேன். மேடையில் ஒரே ஒரு விளக்கு. மற்ற இடமெல்லாம் இருட்டு. மேடை நடுவில் போய் நின்று, இல்லாத பதக்கத்துக்குத் தலையைக் குனிந்தேன்.

அசிங்கம்தான். ஆனால் செய்தேன்.

பிறகு, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"அவ நாளைக்கு வரவே கூடாது."

மேலே, கேலரியின் கடைசி வரிசையில், யாரோ கை தட்டினார்கள்.

ஒரே ஒரு ஆள். நிதானமாக... தட்... தட்... தட்.

"யாரது?"

கைதட்டல் நின்றது. அடுத்து ஒரு சத்தம். டப்.

கேலரியில் இருந்தவை மடக்கு நாற்காலிகள். உட்கார்ந்தவர் எழுந்தால் தானாக மடங்கி அடிக்கும். எத்தனையோ ஆட்டங்களில் கேட்ட சத்தம்.

டப்... இப்போது ஒரு வரிசை கீழே.

டப்... இன்னும் ஒன்று கீழே.

உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து... இறங்கி வருகிறது.

மணி 2.47.

சத்தம் நின்றது.

வாசல் பக்கம் திரும்பினேன்.

என் காதருகே ஒரு பெண் குரல்.

"எனக்கும்... மூணு மார்க்லதான் போச்சு."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வெளியே வெயிலில் நின்றபோது பல் கிட்டிப் போயிருந்தது.

அன்று முழுக்க சோடாபுட்டியை விட்டு நான் நகரவில்லை. அவள் கழிவறைக்குப் போனால்கூட வாசலில் நின்றேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. கதவைத் தாழ் போடாதே."

மறுநாள் அவள் வந்தாள். பதக்கம் வாங்கினாள். உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

எல்லா விளக்கும் எரிந்தன. அப்போதுதான் கேலரியை நிமிர்ந்து பார்த்தேன்.

வெறும் சிமெண்ட் படிகள்.

வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போனேன்.

"அண்ணே, மேல இருந்த சீட்டெல்லாம் எங்கே?"

"அதெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சும்மா. கழட்டி லாரியில ஏத்தி ஒரு மாசம் ஆகுது. மேல போற கதவையும் அன்னைக்கே பூட்டிட்டாங்க."