நகரா மண்டபத்து மாப்பிள்ளை

பேசிக்கொண்டிருக்கும்போதே அரியமுத்துவின் கண் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். நீங்கள் சொல்வதை மதிக்கவில்லையென்று கோபித்துக்கொள்ள வேண்டாம். காது உங்களிடம்தான் இருக்கும். கண் மட்டும் பின்னாலிருக்கும் சுவரின் உச்சியில், கைப்பிடிச் சுவரின் விரிசலில் மேய்ந்துகொண்டிருக்கும். "செத்த இருங்க, வந்துட்டேன்" என்பார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு கால், தூணின் பிதுக்கத்தில் ஒரு கால் என்று ஏறி, இரண்டு விரலால் எதையோ கிள்ளிக்கொண்டு இறங்குவார். உள்ளங்கையில் இரண்டே இலை விட்ட அரசங்கன்று ஒன்று இருக்கும்.

"பாத்தீங்களா, பச்சப்புள்ள மாதிரி சிரிக்கிறான். உட்டா மாடிய ரெண்டாப் பொளந்துடுவான்."

முளையிலே கிள்ளுவது என்று நாமெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அரியமுத்து அதை விரலால் செய்துகொண்டிருக்கிறார்.

வன்னியேரி சின்ன ஊர். ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் பக்கம் போகிற பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் பின்னால் போய்விடும். ஆனால் பஸ் ஏரிக்கரையில் ஏறியதும் ஜன்னலோரத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அதன் நடுவே நீராழி மண்டபம். மறுபக்கம் பழைய ஜமீன் விட்டுப்போன மிச்சங்கள்: வளைவு வைத்த கிழக்கு வாசல், ரேஷன் கடையாகிவிட்ட குதிரை லாயம், ஊரே துணி துவைக்கிற ராணி படித்துறை. எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது நகரா மண்டபம். அந்தக் காலத்தில் வேளைக்கு வேளை முரசு முழங்கிய இடம். இவற்றில் ஒன்றுகூட அரியமுத்துவுக்குச் சொந்தமில்லை. ஆனால் அவர் ஏறி உச்சியில் நிற்காத கட்டடமும் இல்லை.

பிழைப்பு ரெட்டிபாளையத்தில். சிமெண்டு ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார். ஊருலகமெல்லாம் புதுக் கட்டடம் எழும்ப வாரம் முழுக்கத் தோள் கொடுத்துவிட்டு, லீவு நாளில் வன்னியேரியின் பழைய கட்டடங்களுக்குப் பேன் பார்க்க உட்கார்ந்துவிடுவார். காக்கை எச்சத்தில் வந்து விழுகிற விதை காரைச் சுவரில் ஒரு மழைக்கு முளைக்கும், மறு மழைக்கு வேர் விடும், அதற்கப்புறம் யார் சொல்லையும் கேட்காது. கூலி இல்லாத இந்த வேலை எதற்கென்று கேட்டால், நகரா மண்டபத்தைக் கை காட்டுவார்.

"எங்க தாத்தா இந்த மண்டபத்தத் தாண்டுறப்ப தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போவாராம். அது ராசா காலத்து மொறை. ஆனா இதுக்குக் கல்லும் மண்ணும் செமந்தவங்க அவரோட தாத்தனும் பூட்டனுந்தான். அப்பறம் என்னாங்க, நம்மளுதுதான?"

அந்த 'நம்மளுது'வில் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும். அதற்கான நியாயம் அவரிடம் இருக்கிறது.

கல்யாண வீட்டில் பெரியவர்கள் 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்தத் தொடங்கினால், பந்தியிலிருந்து அரியமுத்துவின் குரல் கேட்கும்: "தழைக்கட்டும் தழைக்கட்டும், தரையில தழைக்கட்டும்." ஊருக்கே இது பழகிப்போன வேடிக்கை. சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி மலர்க்கொடி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்கள் வீட்டு விட்டத்தில் தொட்டில் கட்டவில்லை. அரசமரத்தைச் சுற்றினால் பிள்ளை பிறக்குமென்று உலகமே சொல்ல, தன் வீட்டுக்காரர் மட்டும் கண்ட அரசையெல்லாம் கிள்ளிப்போடுகிறாரே, அந்தப் பாவம்தான் தன் மடியை அடைத்து வைத்திருக்கிறது என்பது அவளுடைய முடிவான எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு வலு சேர்ப்பதுபோல ஒருநாள் அரியமுத்து ஏரி மதகின் மேலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கையில் அப்போதும் ஒரு கன்று இருந்தது. கட்டுப் போட்டுப் படுத்தவர், ஏணி ஏறுகிற அளவுக்குத் தேறுவதற்குள் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அதற்குள் நகரா மண்டபத்தின் உச்சியில் ஓர் அரசு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதன் வேர் விரிசல் வழியே உள்ளே இறங்கி, முரசு வைக்கிற மேடைக்கு மேலே சடை சடையாகத் தொங்கிற்று.

வானத்திலிருந்து வேர் இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள். இன்னொருத்தி மரத்தொட்டில் கட்டினாள். கலியம்மாள் என்கிற பூக்காரி கூடையோடு மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, கயிறும் கற்பூரமும் விற்கத் தொடங்கினாள். நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்த அரியமுத்துவுக்கு, விரிசலில் தன் கை முழுசாக நுழைந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. அந்தக் கயிறுகளில் ஒன்று மலர்க்கொடி கட்டியது.

"இது மேல மட்டும் கை வச்சீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அவள். "எத்தன உசுரக் கிள்ளியிருப்பீங்க? போதுங்க. இது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

வாய் ஓயாத மனுஷர் அன்று விரிசலிலிருந்து கையை உருவிக்கொண்டு, நொண்டியபடியே வீட்டுக்கு நடந்தார்.

மழைக்கு மேல்காரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் விஷயம் பஞ்சாயத்துக்கு வந்தது. தலைவர் வைத்திலிங்கம் ஏரிக்குக் கீழே பாதி வயலுக்குச் சொந்தக்காரர். பாவ புண்ணியத்துக்குப் பயந்தவர். அவர் சொன்ன யோசனையைக் கேளுங்கள். "அரச வெட்டினா பாவம். மண்டபத்த இடிக்கிறது பாவம்னு எங்கயும் சொல்லல. மண்டபத்த இடிச்சுப்புட்டா மரம் தானா உழுந்துரும். நாம வெட்டுனதா ஆவாது பாருங்க." காலியாகும் இடத்தில் பஸ்ஸுக்கு ஒரு ஷெட் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நோகாமல் நோன்பு கும்பிடுகிற இந்த யோசனைக்கு ஊரே தலையாட்டியது.

கூட்டத்தின் கடைசியிலிருந்து அரியமுத்து எழுந்தார். "வெட்டவும் வேணாம், இடிக்கவும் வேணாம் தலைவரே. எறக்கிப்புடுவோம்."

"எறக்குறதா? ஏம்ப்பா, மரம் என்ன மூட்டையா?"

"மூட்டை ஏத்தி எறக்குறதுதான் என் பொழப்பு. கட்டுன கயிறு ஒண்ணு அவுறாம, வேரோட எறக்கிக் கரையில நடுறேன். அங்க உங்க அப்பா வச்ச வேம்பு ஒத்தையா நிக்குது. அதுக்குத் தொணையாப் போவட்டும்."

அரசையும் வேம்பையும் சேர்த்து வைத்துக் கல்யாணம் செய்வது மழைக்கும் பிள்ளைக்கும் நல்லதென்பது இந்தப் பக்கத்து வழக்கம். யாராலும் மறுக்க முடியவில்லை. வைத்திலிங்கம் ஒரு முடிச்சுப் போட்டார்: "கரையில துளுத்துச்சுன்னா மண்டபம் இருக்கட்டும், கல்யாணமும் ஊர் செலவுல பண்ணுவோம். காஞ்சுபோச்சுன்னா இடிக்கிறப்ப நீ குறுக்க வரக்கூடாது." அரியமுத்து சரியென்றார். மலர்க்கொடி எழுந்து போய்விட்டாள். ஒரு மண்டபமும் ஒரு குடும்பமும் அந்தச் 'சரி'யில் தொங்கிக்கொண்டிருந்தன.

கோடை முழுவதும் லீவு நாளெல்லாம் மண்டபத்தின் தலையில்தான் கழிந்தது. சின்ன உளியால் வேரைச் சுற்றியிருந்த காரையைச் சுரண்டி, செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார். விடுபட்ட வேரில் ஈரச்சாக்கைச் சுற்றினார். கீழே கலியம்மாள் மூலையில் உட்கார்ந்து, "இவன் வெளங்க மாட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி பொழுது சாய்கிற நேரத்துக்கு வருவாள். கயிறு எதுவும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வருவதாகச் சொல்வாள். வருகிற கையோடு ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஆலையில் உடன் மூட்டை தூக்குகிற கூட்டாளிகள் வந்துதான் மரத்தை இறக்கினார்கள். மூங்கில் கட்டி, கயிறு கொடுத்து, "மெள்ள, மெள்ள, தல பாத்து" என்று பிரசவம் பார்ப்பதுபோல இறக்கி, கயிறும் தொட்டிலும் தொங்கிய வேர்ச்சடைகளை அடிமரத்தோடு சேர்த்துச் சுற்றி, கரைக்குச் சுமந்துபோய் வேம்பின் பக்கத்துக் குழியில் நட்டார்கள். ஊர் வாய்பிளந்து பார்த்தது. அரியமுத்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டவர்போல ஒரு டீ குடித்தார்.

ஒரு வாரத்தில் மரம் அத்தனை இலையையும் கொட்டிவிட்டது. மஞ்சள் கயிறு கட்டிய வெறும் குச்சி நின்றது. சொன்னேனே என்றாள் கலியம்மாள். இடிக்கிற ஆட்கள் வந்து மண்டபத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மலர்க்கொடி சொன்னபடியே துணிமணியைச் சுருட்டிக்கொண்டு தா.பழூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அரியமுத்து மட்டும் விடிந்ததும் ஏரியில் மொண்ட தண்ணீரைக் குச்சிக்கு ஊற்றிவிட்டு, பிறகுதான் ரெட்டிபாளையம் போனார். அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறார். "ஆனா தண்ணி ஊத்தறத நிப்பாட்ட மனசு வரல" என்கிறார்.

ஆடி மாதம் மலர்க்கொடி ரேஷன் சர்க்கரை வாங்க வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, ரேஷனுக்குத்தான் வந்தாள்; அதில் அவள் கண்டிப்பு. பஸ் ஏரிக்கரையில் ஏறியது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று போட்ட சத்தத்தில் கண்டக்டர் பயந்து விசிலடித்துவிட்டார். கரை நடுவில் இறங்கி ஓடினாள். வெறும் குச்சியின் நுனியில் செம்பு நிறத்தில் பளபளவென்று தளிர் விட்டிருந்தது. கிளைக்குக் கிளை விட்டிருந்தது.

சர்க்கரை அன்று வாங்கப்படவில்லை. வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அரியமுத்துவின் முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏங்க, கரையில போயி பாருங்க. நம்ம புள்ள பல்லு காட்டுறான்."

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை பிறந்த வீடு நகரா மண்டபம். ஆகையால் அங்கிருந்துதான் சீர்வரிசை புறப்பட வேண்டுமென்று ஊர் முடிவு செய்தது. விரிசலைக் கொத்தனார் சுண்ணாம்புக் காரை வைத்து மூடி, மண்டபம் முழுவதற்கும் வெள்ளை அடித்திருந்தார். பல வருஷமாக ஊமையாகக் கிடந்த முரசு மேடையில் தவிலும் பறையும் சேர்ந்து முழங்கின. சத்தத்துக்கு நீராழி மண்டபத்துப் புறாக்களெல்லாம் எழும்பி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றின. தாம்பாளங்கள் கிழக்கு வாசல் வளைவுக்குள் நுழைந்து, படித்துறையைத் தாண்டி, கரைக்கு வந்து சேர்ந்தன.

பெண்ணுக்குத் தகப்பனாக வைத்திலிங்கம் உட்கார்ந்தார். வேம்பு அவர் அப்பா வைத்ததாயிற்றே. பூசாரி மணையைப் போட்டுவிட்டு, "மாப்புள்ளையப் பெத்தவங்க யாரு, வந்து உக்காருங்க" என்றார். கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூக்கூடையோடு நின்ற கலியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"இதுல என்ன யோசனை? வெளங்க மாட்டான்னு நாந்தான் சொன்னேன். வெளங்கிட்டான். எறக்கித் தண்ணி ஊத்துனவந்தான் அப்பன். மலர்க்கொடி, நீ போயி உக்காருடி."

மலர்க்கொடி அழுதுகொண்டே உட்கார்ந்தாள். அரியமுத்து அழாததுபோல உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெண்ணின் அப்பா சந்தனம் கொடுத்து அழைப்பது முறை. வைத்திலிங்கம் சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். "ஏம்ப்பா" என்று தொடங்கிய வாய் பாதியில் நின்றது. முறை முறைதான், அதைவிடப் பெரிதாக அவருக்கு எதுவும் கிடையாது. "எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார். தவில் ஒரு கணம் நின்றுவிட்டு, இரண்டு மடங்காகக் கொட்டியது. அரியமுத்துவின் கை தோளிலிருந்த துண்டுக்குப் போயிற்று. அதை நன்றாக மடித்துத் தோளிலேயே போட்டுக்கொண்டு, சந்தனத்தைத் தொட்டு எடுத்தார்.

தாலி ஏறியதும் பூசாரி 'ஆல்போல் தழைத்து' என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள், "தரையில தழைக்கட்டும்" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. இந்தத் தடவை மலர்க்கொடியும் சிரித்தாள்.

விருந்து நகரா மண்டபத்து வாசலில் பந்தல் போட்டு நடந்தது. முதல் பந்தியில் சம்பந்திகள் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவினார்கள். அரியமுத்து சரிகை வேட்டி கசங்காமல் நின்று, வந்தவர்களையெல்லாம் "சாப்புட்டீங்களா, பாயசம் வாங்குனீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று வெற்றிலை மடித்துக் கொடுத்த மலர்க்கொடியின் கண் பேச்சு நடுவில் அவர் தலைக்கு மேலே போய்விட்டது.

அவரும் திரும்பிப் பார்த்தார். புது வெள்ளைச் சுவரின் உச்சியில், கைப்பிடிச் சுவருக்கு அடியில், இரண்டு பச்சை இலைகள் காற்றில் ஆடின.

அரியமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றார். மலர்க்கொடி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். பந்தல்காரர்கள் சாத்திவிட்டுப் போயிருந்த மூங்கில் ஏணியை இழுத்துவந்து மண்டபத்துச் சுவரில் சாய்த்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏணி நகராமல் அதன் அடிப்படியில் தன் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.